பதினொரு கந்தையாக்கள்

பள்ளிக்கூடப் பதிவில் என் பெயர் கந்தையா. பதினொரு வயதுப் பெண்பிள்ளைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று டென்மார்க்கின் இந்த வைலே நகரில் யாரும் கேட்டதில்லை. டேனிஷ்காரருக்கு நம்முடைய எல்லாப் பெயரும் ஒன்றுதான். கந்தையா என் அப்பப்பா. ஊர் வழக்கப்படி அப்பாவின் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்தாக நின்றிருக்கவேண்டியவர். அப்பா இலங்கையிலிருந்து அகதியாக வந்து இறங்கியபோது கொடுத்த படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்ததாம். எங்களிடம் அப்படி ஒன்று கிடையாது என்று விளக்க அப்பாவிடம் மொழி இல்லை. தகப்பன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு வந்த அம்மாவும் கந்தையா, பிறந்த நானும் கந்தையா. வங்கிக் கடிதம் வரும்போதெல்லாம், "மனுசன் செத்தும் என்னை விடுறாரில்லை" என்று அம்மா சிரிப்பார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, சித்திரை மாதமளவில், ஆசிரியை எங்களுக்கு ஒரு வேலை தந்தார். ஒவ்வொருவரும் தன் குடும்பப் பெயரைப் பின்னோக்கித் தேடிப் போகவேண்டும். என் அப்பப்பாவுக்கு அப்பால் எனக்குத் தேட ஒன்றுமில்லை. ஊரின் பதிவேடுகள் எரிந்துபோயிருந்தன. ஆகவே பக்கத்து மேசைத் தோழியோடு என்னைச் சேர்த்துவிட்டார்கள். அவளுடைய ஆறேழு தலைமுறைக்கு முந்திய பாட்டனார் ஒருவரின் தமையன், ஓகூஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்குப் போன தச்சர். நூலகத்துக் கணினியில் அமெரிக்காவின் ஆரம்பகாலக் குடிசன மதிப்பீட்டுத் தாள்களைத் திறந்து, கோழிக் கிறுக்கலான அந்தக் கையெழுத்தில் அவள் குடும்பப் பெயரைத் தேடினோம்.

அந்தத் தாள்களில் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பெயருக்கு எதிரே வெறும் எண்கள். இத்தனை வயதுக்குக் கீழே ஆண் இரண்டு, பெண் மூன்று என்று. ஆசிரியை சொல்லித் தந்த முறை சுலபமானது. குடும்பப் பெயரைப் பிடி, தலைவர் கிடைப்பார், அவர் கிடைத்தால் வீட்டிலுள்ள எல்லோரும் கிடைத்த மாதிரி. மூன்றாவது நாள் தச்சரைக் கண்டுபிடித்தது நான்தான். என் தோழி என்னைக் கட்டிப்பிடித்துக் கத்த, நூலகர் எழுந்து வந்துவிட்டார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

வைகாசியில் ஊரில் சண்டை முடிந்தது. அப்பாவின் ஒரே தங்கை, என் மாமி, வன்னியில் கடைசிவரை அகப்பட்டிருந்தார். மாமி, மாமா, என் வயதில் ஒரு மச்சாள், நடக்கப் பழகிய ஒரு மச்சான். நான் அவர்களை நேரில் கண்டதேயில்லை. மச்சாளோடு மட்டும் தொலைபேசியில் கதைத்திருக்கிறேன். இங்கே கொட்டும் பனியை, சினோவை, அள்ளித் தின்னலாமா என்று கேட்பாள். என் தமிழைக் கேட்டுச் சிரிப்பாள். பொங்கலுக்குப் பிறகு அழைப்பே இல்லை. அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதுதான் எங்கள் வீட்டில் அப்போது இருந்த ஒரே கேள்வி. அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

முகாம்களில் அடைக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று கைமாறிக் கைமாறி வந்தது. பக்கத்து நகரான பிரெடெரிசியாவிலிருந்து அப்பாவின் சிநேகிதர் ஒருவர் அதை அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு சாண் உயரத்துக்கு இருந்தது. அப்பாவுக்கு ஆங்கில எழுத்து நன்றாக வாசிக்கத் தெரியும். இந்தப் பட்டியலை வாசிக்கத்தான் முடியவில்லை. இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் எழுந்து வெளியே போய்விடுவார். அம்மா முதியோர் இல்லத்தில் இரட்டை வேலை செய்துகொண்டிருந்தார்.

"நான் பாக்கிறன் அப்பா. பள்ளிக்கூடத்திலை இதுதான் செய்யிறம்" என்றேன்.

அப்பா என் தலையில் கையை வைத்தார். "மாமியவையின்ர பேர் இருக்கோ எண்டு வடிவாப் பார், குஞ்சு."

மாமியின் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. மாமி என்றால் மாமி. அப்பா அவரைத் தங்கச்சி என்பார், அம்மா மச்சாள் என்பார். பெரியவர்களின் பெயரை என்னிடம் யார் சொன்னார்கள்? கேட்டிருக்கலாம். ஆனால் அமெரிக்கா வரைக்கும் போய்த் தச்சரைப் பிடித்த எனக்குக் கேட்பது மானக்கேடாக இருந்தது. குடும்பப் பெயர் தெரியும்தானே. மூன்று நாள், பள்ளி விட்டு வந்து அளவுகோல் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். பதினொரு கந்தையா இருந்தார்கள். மஞ்சள் பேனையால் எல்லோர் பெயரிலும் கோடிழுத்து, எனக்கு இத்தனை உறவா என்ற பூரிப்போடு அப்பாவிடம் கொண்டுபோனேன்.

அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இவங்கள் ஆரெண்டே தெரியாது" என்றார். "வேறை இல்லையோ?"

"இல்லை. எல்லாத் தாளும் பாத்திட்டன்."

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம்."

அடுத்த நாள் அப்பா வேலைக்குப் போகவில்லை, முகம் மழிக்கவும் இல்லை. வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சும்மா இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். செத்த வீடு என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அது தெரியவும் இல்லை. விருந்தினர் கொண்டுவந்த கேக்கை வெட்டித் தின்றுகொண்டிருந்தேன்.

நான்காம் நாள் அம்மா மேசையைத் துடைக்கும்போது மஞ்சள் கோடுகளைக் கண்டார்.

"நீ என்ன பேரிலை தேடினனீ?"

"எங்கட பேரிலை."

அம்மா துணியைக் கீழே போட்டார். "ஐயோ பிள்ளை, கலியாணம் கட்டினாப் பிறகு புருசன்ர பேரெல்லே வரும். மாமி எப்பிடிக் கந்தையாவா இருப்பா?"

பிறகு ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் மாமியின் பெயரையும் மாமாவின் பெயரையும் எழுதித் தந்தார். மாமிக்கு ஒரு பெயர் இருந்தது, அழகான பெயர். அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். நாற்பதாம் பக்கத்தைத் தாண்டி, தாளின் நடுவில், மாமியின் பெயரும் அதன் பக்கத்தில், குடும்பப் பெயர்க் கட்டத்தில், மாமாவின் பெயரும். வீட்டுத் தலைவராக மாமியைத்தான் பதிந்திருந்தார்கள். டென்மார்க் மாதிரி அங்கேயும் பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

"இருக்கினம்! எல்லாரும் இருக்கினம்!" என்று வீடு முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

அப்பா ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டார். பதினொரு வயதில் யாரும் என்னைத் தூக்குவதில்லை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவருடைய விரல் பெயரிலிருந்து மெல்ல நகர்ந்து வரியின் கடைசிக்குப் போயிற்று. அங்கே குடும்பத்தில் எத்தனை பேர் என்று எழுதும் கட்டம். அதில் ஒன்று என்று இருந்தது. நான் பெயரோடு நின்றுவிட்டவள், அதைப் பார்க்கவேயில்லை. அந்தத் தாளை வளர்ந்த பிறகு அப்பாவின் அலுமாரியிலிருந்து எடுத்துத்தான் பார்த்தேன்.

"நல்லாக் கண்டுபிடிச்சிருக்கிறாய்" என்றார் அப்பா. அம்மா சுவரோடு சாய்ந்து அழுதார். சந்தோசம் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூட வேலைக்காகச் செய்த காட்சி மட்டையில் மாமி வீட்டையும் சேர்த்து ஒட்டினேன். மாமியின் பெயர், எதிரே பெண் இரண்டு, ஆண் இரண்டு. பெற்றோர் வந்து பார்வையிட்ட நாளில் அப்பா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிழை ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, வடிவாக இருக்கிறது என்றார். ஆசிரியையும் மெச்சினார்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முகாமுக்குள் யாரோ ஒளித்துக் கொண்டுபோன தொலைபேசியிலிருந்து மாமி கூப்பிட்டார். அப்பாவும் அம்மாவும் கதைத்து முடிக்க மாட்டார்களோ என்று இருந்தது. நான் துள்ளித் துள்ளிப் பறித்துக்கொண்டேன்.

"மாமி, நான்தான் உங்களைக் கண்டுபிடிச்சனான்."

"ஓம் ராசாத்தி. அப்பா சொன்னவர்."

"மச்சாளிட்டைக் குடுங்கோவன்."

மாமி, "அவ நித்திரை கொள்ளுறா, அம்மா" என்றார்.

எழுப்பச் சொன்னேன். அப்பா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டார். விரல்விட்டுக் கணக்குப் பார்த்தேன். அங்கே பின்னேரம் மூன்றரை மணி. அந்த நேரத்தில் என்ன நித்திரை? என்னோடு கதைக்க விருப்பமில்லை, அவ்வளவுதான். தேடிக் கண்டுபிடித்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. இனி அவளாகக் கூப்பிட்டால்தான் நான் கதைப்பேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா, "ஓம்" என்றார்.