கல் பறவைகளின் கணவாய்

கையேட்டின் முப்பத்தெட்டாம் பக்கம், நான்காம் பத்தி: தாக்கப்பட்ட எந்தப் படையும் ஒரு சுற்றில் ஒரே ஒரு முறைதான் திருப்பித் தாக்கலாம். விதிவிலக்கு எதுவும் சொல்லப்படவில்லை. அடிக்குறிப்பு கிடையாது. பிற்சேர்க்கையையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் விதிகளைப் படித்தே காலம் தள்ளியவன் நான். இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட விதியை அங்கே அதிகம் பார்த்ததில்லை. இருந்தும் கல் பறவைகள் அதை மதிக்கவில்லை.

இது ஒரு கணினி விளையாட்டின் கையேடு. எங்கள் மகன் வேலைக்காக வெளிநாடு போனபோது ஆம்பூர் வீட்டில் தன் கணினியை விட்டுவிட்டுப் போனான். அதோடு ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு குறுந்தகடும் எண்பது பக்க ஆங்கிலக் கையேடும். பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தையும் விடாமல் வாசிக்கிற பழக்கம் எனக்கு. ஓய்வு பெற்றிருந்தேன், வாசிக்க வேறு கோப்பும் இல்லை. ஒரே வாரத்தில் கையேட்டை முடித்தேன். அதிலிருந்த மந்திரவாதிகளும் எலும்புப் படைகளும் என்னைப் பெரிதாகக் கவரவில்லை. கவர்ந்தது அதன் ஒழுங்கு. நாம் ஒரு படையை நகர்த்த வேண்டும், பிறகு எதிரி ஒன்றை நகர்த்துவான். நாம் முடிக்கும்வரை அவன் காத்திருப்பான். நாம் ஒரு நாள் முழுக்க யோசித்தாலும் கோபப்படாமல் நிற்பான். நான் வேலை பார்த்த எந்த அலுவலகத்திலும் அப்படி ஒருவரைச் சந்தித்ததில்லை.

விளையாட்டைத் தொடங்கியதும் திரையில் ஒரு படிவம் வந்தது. தொடக்கநிலை, இடைநிலை, மேல்நிலை, நிபுணர் என்று நான்கு கட்டங்கள்; ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. விண்ணப்பதாரரின் தகுதியைக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற ஒருவன் தன்னைத் தொடக்கநிலை என்று எழுதித் தருவது பொய் உறுதிமொழி ஆகும். கையேட்டையும் முழுதாகப் படித்தவன் நான். மனசாட்சிப்படி நிபுணர் என்பதில் குறியிட்டேன்.

விளையாட்டு எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்று கேட்ட கேள்வி அது என்பதை மகன் பிறகு தொலைபேசியில் சொன்னான். "எதுக்குப்பா அதப் போய் போட்டீங்க? நானே ரெண்டாவதுலதான் ஆடுவேன்." அதற்குள் மூன்று நாடுகளைக் கடந்து கணவாய்க்கு வந்திருந்தோம். தொடங்கியபின் நிலையை மாற்ற இயலாது என்பது பதினொன்றாம் பக்கம்.

வந்திருந்தோம் என்று பன்மையில் எழுதுவதற்குக் காரணம் என் மனைவி, அவள் சேர்ந்துகொண்டது கணவாயில்தான் என்றாலும். அவள் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து எனக்கு ஓராண்டு முன்பு ஓய்வு பெற்றவள். 2002 தொடக்கத்தில் அவளுக்கு லேசான பக்கவாதம் வந்தது. பேச்சு போகவில்லை, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். கால் சீக்கிரம் சரியாகிவிட்டது. வலது கையின் விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அந்த ஏப்ரலில் ஓய்வூதியர்கள் கருவூலத்துக்கு நேரில் போய்க் கையெழுத்திட வேண்டியிருந்தது. கையெழுத்திட முடியாதவர்கள் இடது பெருவிரல் ரேகை வைக்கலாம், அதற்கு விதி இருக்கிறது. நானே அந்த விதியை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அந்த ஊழியர் நல்லவர்தான். அவள் விரலைப் பிடித்து மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினார். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி சம்மதப் பாரத்துல பேஷண்ட் கைய புடிச்சி இப்டிதான் அமுக்குவேன்" என்றாள். "தோல் பதனிடற ஷெட்ல வேல செய்யறவங்க, வெரலெல்லாம் சுண்ணாம்புல வெந்து ரேகையே இருக்காது. இன்னும் கொஞ்சம் அழுத்தும்மான்னு அதட்டுவேன். அவங்களுக்கு எப்டி இருந்திருக்கும்னு இன்னிக்கிதான் தெர்து."

பிறகு சொன்னாள்: "அடுத்த வருஷம் நான் கையெழுத்துதான் போடுவேன்."

அதற்கு ஓராண்டுக்கும் குறைவாகவே இருந்தது. பயிற்சி தரும் பெண் வாரம் இருமுறை வந்து, பிசைய மாவும் ஆணி குத்தும் பலகையும் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் மனைவி இரண்டையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு எழுத்துக்கு மேல் போகவில்லை. பேனாவை வீசினாள். அதுவும் இடது கையால்.

இந்த நிலையில்தான் நான் கணவாயில் தோற்றுக்கொண்டிருந்தேன். குறுகலான மலைவழி, அதன் வாயில் பன்னிரண்டு கல் பறவைகள். என்னிடம் ஈட்டிக்காரர்கள், வில்லாளிகள், குதிரை வீரர்கள், ஒரு மருத்துவச்சி. முப்பத்தெட்டாம் பக்கத்தை நம்பி ஒரு யுக்தி செய்தேன். முதலில் ஒரே ஓர் ஈட்டிக்காரனை அனுப்பிப் பறவையைச் சீண்டுவது. அது அவனைத் திருப்பித் தாக்கித் தன் ஒரு வாய்ப்பைச் செலவழித்துவிடும். அதன்பின் குதிரைகள் பாதுகாப்பாகப் பாயலாம். விதிப்படி இது பிழையற்ற திட்டம். ஈட்டிக்காரன் செத்தான், குதிரைகள் பாய்ந்தன, பறவை மறுபடியும் திருப்பித் தாக்கியது. மறுபடியும். மறுபடியும்.

தோல்வி எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஏன் என்பதுதான் உறுத்தியது. நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் போர் எண், படை வரிசை, யார் எந்தச் சுற்றில் இறந்தார்கள் என்று பத்திகள் போட்டுக் குறிக்கத் தொடங்கினேன். பக்கத்துத் தொழிற்சாலைச் சங்கு காலையில் ஊதினால் உட்காருவேன், மதியச் சங்குக்கு எழுந்துவிடுவேன். ஒரு விசித்திரம் கண்டேன். சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, அதே அசைவுகளை அதே வரிசையில் செய்தால், அம்பு குறி தவறுவதுகூட அதே இடத்தில்தான் தவறியது. அதிர்ஷ்டம் என்று நான் நினைத்திருந்தது முன்பே எழுதி மேசை இழுப்பறையில் வைத்த உத்தரவு. ஆனால் வரிசையை ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாம் மாறியது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

மனைவி அறை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள். "இன்னாங்க, இன்னிக்கும் செத்துட்டீங்களா?"

"முப்பத்தோராவது முறை."

"செத்ததுக்கு கேஸ் ஷீட் வேற எழுதறீங்க. நர்ஸ் வேலைக்கு வந்திருக்கலாம் நீங்க."

பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இரண்டு நாள் வாயால் நகர்த்தினாள். என் அசைவுகள் அவளுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள், "தள்ளுங்க, நீங்க தப்புத் தப்பா அமுக்கறீங்க" என்று கணினியின் எலியைப் பிடித்தாள். வலது கையால். நான் எழுந்து இடம் விட்டேன். கையைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் விட்டிருப்பாள்.

உள்ளங்கையால்தான் தள்ள முடிந்தது. சுட்டுவிரல் பொத்தானை அழுத்தவில்லை. அழுத்தியபோது வேறு கட்டத்தில் அழுத்தியது. குதிரைப்படை முழுவதும் சதுப்புக்குள் போய் நின்றது. "அய்யய்யோ" என்றாள். ஒரு படையை நகர்த்தச் சில நாள் பத்து நிமிடம் ஆகும். திரையில் பறவைகள் சிறகசைத்தபடி காத்திருந்தன. மாவும் பலகையும் அவள் தாமதத்தைக் கணக்கெடுத்தன. பயிற்சிப் பெண் கடிகாரம் வைத்திருந்தாள். இங்கே மனைவியின் முறை அவள் முடிக்கும்வரை அவளுடையதாகவே இருந்தது.

நான் புத்தகத்தைப் பார்த்து ஆடினேன், அவள் பறவைகளைப் பார்த்தாள். நாற்பதாவது போருக்குப் பிறகு ஒருநாள் சொன்னாள்: "அது யாருக்கு ரொம்ப முடியலயோ அவங்களத் தேடித்தான் போவுது. பக்கத்துல ஆள் இருந்தாலும் தாண்டிப் போவுது. நானும் வார்டுல அப்டிதான் ரவுண்ட்ஸ் ஆரம்பிப்பேன். இன்னா, வேற காரணத்துக்கு."

நோட்டைப் புரட்டிச் சரிபார்த்தேன். பதிவான எல்லாப் போர்களிலும் உண்மை. என் பத்திகளில் எல்லாம் இருந்தது, இதைத் தவிர.

அதிலிருந்து யுக்தி தானே பிறந்தது. காயம்பட்ட ஒரே ஈட்டிக்காரனைப் பின்னால் ஓடவிட வேண்டும். பறவைகள் அவனைத் துரத்தும். வில்லாளிகள் தூரத்திலிருந்து அடிப்பார்கள். தூரத்து அம்புக்குத் திருப்பித் தாக்குதல் கிடையாது. ஒரே நிபந்தனை, அவனுக்கு மருத்துவச்சி வைத்தியம் பார்க்கக் கூடாது. தேறிவிட்டால் பறவைகள் வேறு ஆளைத் தேடும்.

அவளால் அது முடியவில்லை. ஒவ்வொரு முறையும் மூன்றாம் சுற்றில் மருத்துவச்சியை அவனிடம் அனுப்பிவிடுவாள். அவன் எழுந்து நிற்பான், பறவைகள் திரும்பி வில்லாளிகளைக் கிழிக்கும்.

"பத்து தடவ சொல்லிட்டேன், அவன வுட்டுடு" என்றேன்.

"மருந்து கைல இருக்குது. அவன் எதுருல ரத்தம் ஒழுக நிக்கறான். சும்மா இருன்றீங்களா? உங்க ஆபீஸ்ல பழக்கம் அது."

"அது வெறும் பொம்ம."

"அப்ப நீங்க ஏன் அதுக்கு லெட்டர் எழுதறீங்க?"

கடிதம் எழுதியது உண்மை. பொருள்: கையேட்டு விதிக்கும் பறவைகளின் நடத்தைக்கும் உள்ள முரண்பாடு, விளக்கம் கோருதல். இருபத்தேழு போர்களின் பட்டியலை இணைத்து, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த வெளிநாட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து முதல் நினைவூட்டு. மேலும் இரண்டு மாதம் கழித்து இரண்டாவது, சற்றுக் கடுமையான நடையில். தபால் நிலையத்தில் எழுத்தர் கேட்டார், "சார், பையனுக்கா?" இல்லை, பறவைகள் விஷயமாக என்றேன்.

இடையில், நிலையை மாற்றிப் புதிதாகத் தொடங்கிவிடலாமா என்று அவளிடம் கேட்டேன். இரண்டாம் நிலையில் என்றால் ஒரு வாரத்தில் கணவாயைத் தாண்டிவிடலாம்.

"இவ்ளோ பேரு செத்தப்புறமா?" என்றாள். "பேஜாரா இருந்தா நீங்க போய்ப் படுங்க. நான் ஆடறேன்."

டிசம்பரில் வழி கண்டாள், நான் கற்பனை செய்யாத வழி. மருத்துவச்சியை அனுப்புவாள், ஆனால் மருந்தைப் பங்கு போட்டாள். முதலில் மற்றவர்களுக்கு ஜாஸ்தி, ஈட்டிக்காரனுக்கு எப்போதும் கம்மி. அவன் சாகவும் மாட்டான், வரிசையில் எல்லோரையும்விட நலிந்தவனாகவும் இருப்பான். ஒவ்வொரு சுற்றிலும் எல்லோருடைய எண்களையும் பார்த்து, சின்னச் சின்னக் கட்டங்களில் துல்லியமாக அழுத்த வேண்டும். ஒரு கட்டம் தவறினால் அவன் போய்விடுவான். பல முறை தவறியது. அவள் சேமித்த இடத்துக்குப் போய் மறுபடி தொடங்கினாள். என் நோட்டில் அந்தப் பக்கங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன: அதே கணவாய், அதே பன்னிரண்டு பறவைகள், அதே காலை. ஆனால் 'தவறான கட்டம்' என்று நான் ஒரு பத்தி வைத்திருந்தேன். ஜனவரியில் ஒரு போருக்கு ஒன்பது, பத்து. பிப்ரவரி நடுவில் இரண்டு. அதை அவளிடம் காட்டவில்லை.

நூற்றுப் பன்னிரண்டாவது போரில் கடைசிப் பறவை விழுந்தது. ஈட்டிக்காரன் பிழைத்திருந்தான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, "இவனுக்கு டிஸ்சார்ஜ்" என்றாள். பேனாவை எடுத்துக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கருவூலத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இருவரும் அடுத்த நாட்டுக்குப் போனோம்.

மார்ச்சில் ஒருநாள் ரேஷன் கடையிலிருந்து திரும்பினால் மேசைமேல் வெளிநாட்டு உறை ஒன்று இருந்தது. நின்றபடியே பிரித்தேன். ஏழு வரிக் கடிதம். முப்பத்தெட்டாம் பக்கத்து விதி முதல் மூன்று நிலைகளுக்கு மட்டுமே பொருந்தும். நிபுணர் நிலையில் கல் பறவைகள் எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பித் தாக்கும். அச்சில் ஒரு வரி விடுபட்டுவிட்டது, வருந்துகிறோம்.

ஆக, விடுபட்ட ஒரு வரியும் நான் தவறாகப் பூர்த்தி செய்த ஒரு படிவமும் சேர்ந்து எங்களை எட்டு மாதம் ஒரே கணவாயில் நிறுத்தியிருந்தன. படிவத்தைச் சரியாகப் பூர்த்தி செய்திருந்தால் ஜூலையிலேயே அந்தக் கணினியை மூடி வைத்திருப்போம். இதை எந்தத் தலைப்பில் பதிவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உறையின்மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். பதிவுத் தபால். யாராவது பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

"யார் வாங்கனது?"

"நான்தான்" என்றாள் சமையலறையிலிருந்து.

"ரேகையா?"

பாத்திரம் மட்டும் சத்தமாக வைக்கப்பட்டது.

மிதிவண்டியை எடுத்தேன். அடுத்த தெருவில் தபால்காரர் ஒரு வாசலில் நின்றிருந்தார். "இன்னா சார், மாத்திக் குடுத்துட்டனா?" என்று பயந்தார். முகவரியாளர் எழுத்துமூலம் அதிகாரம் அளிக்காதபோது வேறொருவரிடம் பதிவுத் தபாலை ஒப்படைத்தது தவறுதான். அதை நான் சொல்லவில்லை. ஒப்புகைச் சீட்டைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அம்மா போட்டாங்க சார். நான் மை டப்பாவ எடுத்தேன், அதெல்லாம் உள்ள வையின்னு திட்டிட்டாங்க. கொஞ்சம் லேட்டாச்சு, நான் நின்னேன்."

பையைத் துழாவிச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். முதல் எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. நடுவில் பேனா ஓரிடத்தில் நின்று மை ஊறியிருந்தது. அங்கிருந்து மறுபடி கிளம்பி, முழுப் பெயரும் இருந்தது. சுருக்கம் ஏதும் செய்திருக்கவில்லை. பெறுபவர் தேதியிட வேண்டும் என்ற இடத்தைப் பெரும்பாலோர் காலியாக விடுவார்கள். அவள் விடவில்லை. கட்டத்தைத் தாண்டாமல், ஒவ்வொரு எண்ணாக எழுதியிருந்தாள்: 18.3.2003.