மழைக்கணக்கு அனுப்பும் போன்

பதுளையில் ஒரு தேயிலைக் கம்பனியின் பிராந்திய அலுவலகத்தில் எனக்கு வேலை. எங்கள் தோட்டங்களின் கொழுந்து நிறுவை, ஆள் வரவு, மழை அளவு எல்லாம் இப்போது இணையத்தில் இருக்கும் ஒரே செயலிக்குப் போகின்றன. அதற்குள் எந்த போன் நுழையலாம் என்று பார்ப்பது என் பொறுப்பு. பொறுப்பு என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை உள்ள போன் தானாகச் சிவப்பாகும், சிவப்பானது உள்ளே போகாது என்று கொழும்புத் தலைமை அலுவலகம் விதி போட்டுவிட்டது. திறக்கும் அதிகாரமும் அவர்களுக்கு மட்டும். நான் சிவப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

இது தோட்டத்தில் நடக்காது என்று விதி வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்தில் யாரும் டேட்டாவைத் திறந்து வைப்பதில்லை. சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று, அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு, பைப்பை மூடுவதுபோல உடனே மூடிவிடுவார்கள். கம்பனி கொடுத்த போனுக்கும் அதே கைப்பழக்கம்தான். ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்தக் கொஞ்ச நேரத்தில் எப்படி இறங்கும்? கொழும்பு அதிகாரியிடம் சொன்னேன். “பழக்கத்த மாத்தச் சொல்லுங்க மிஸ்” என்றார்.

என் அக்கா குடும்பம் லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், மலைச்சரிவுக்கு நேர் கீழே இருக்கும் லயத்தில் இருக்கிறது. சரிவில் முந்தைய மழையிலேயே வெடிப்பு விழுந்திருந்தது. கணக்கப்பிள்ளை ஐயா மழைமானியைப் பார்த்து அளவை போனில் அனுப்புவார். அளவு எல்லை தாண்டினால் செயலியே எல்லோருக்கும் எச்சரிக்கை மெசேஜ் அனுப்பும். அது வந்ததும் தோட்டத்து மேலாளரான துரை பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுவார், சனம் அங்கே போய்விடும்.

ஐப்பசியில் மழை ஊற்றிய ஒரு பிற்பகல், கணக்கப்பிள்ளை அழைத்தார்.

“புள்ள, மழக்கணக்கு போக மாட்டேங்குது. போன உள்ள விட மாட்டேன்னு காட்டுது. இங்க மானி நெறஞ்சி வழியுது.”

“அப்டேட் போட்டீங்களா ஐயா?”

“பாதியில நிக்குது. மேட்டுல நின்னு பேசுறதே பெரும்பாடா இருக்கு.”

“துரைக்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். மெசேஜ் வரட்டும்ங்கிறாரு. போன தடவ மெசேஜ் இல்லாம ஆளுங்கள எறக்குனதுக்குக் கொழும்புல ஏசிட்டாங்களாம்.”

என் திரையில் அந்தத் தோட்டத்துக்கு எதிரே காலையில் வந்த அளவுதான் நின்றது. வெறும் தூறல். ஆபத்தில்லை என்ற பச்சை நிறம். என் கணினியிலிருந்து அளவைப் பதியவும் வழியில்லை, மானிக்கென்று கொடுத்த போனிலிருந்து வந்தால்தான் செயலி ஏற்கும். கொழும்புக்கு அடித்தேன்.

“அந்த ஓட்டை வழியா இப்பவும் ஆக்கள் நுழைஞ்சிக்கிட்டு இருக்காங்க மிஸ். ஒரு போனத் திறந்தா முழுக் கம்பனியும் போயிடும். மேல கேட்டுச் சொல்றேன்” என்றார் அதே அதிகாரி.

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அடுத்து அக்காவை அழைத்தேன்.

“அக்கா, புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போ.”

“மெசேஜ் வரல்லியே?”

“வராது. போன் பூட்டிருச்சி. யாருக்குமே வராது.”

“துரைக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்? பின் சுவத்துல தண்ணி வருதுதான். அது எப்பவும் வர்றதுதானே.”

“என்ன நெறத்துல வருது? போய்ப் பாத்துச் சொல்லு!” என்று கத்தினேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

அவள் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். பிறகு, “செவப்பாத்தான் வருது, மண்ணக் கரைச்ச மாதிரி” என்றாள், குரலே எழும்பாமல்.

“நீ கெளம்பலன்னா நான் இப்பவே பஸ் ஏறி அங்க வாறேன்.”

நான் சொன்னால் செய்வேன் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகளோடு இறங்கினாள். அவளைப் பார்த்து லயமே மூட்டை முடிச்சோடு முணுமுணுத்தபடி இறங்கியது. பள்ளிக்கூடத்துப் பூட்டைக் கணக்கப்பிள்ளை உடைத்தார்.

மலை நகரவில்லை. விடியும்போது மழையும் விட்டிருந்தது. நான் சந்தோஷத்தில் அழுதேன். அவர்களோ ஈரப் பாய்களைச் சுருட்டிக்கொண்டு லயத்துக்குத் திரும்பி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளைக்குப் பூட்டுக்காக விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எங்கள் பிராந்தியத்தில் ஒரு ஊடுருவல்கூட இல்லை என்று கொழும்பு எங்களைப் பாராட்டியது. விதி அப்படியே இருக்கிறது.

சரிவில் விழுந்த வெடிப்பில் கையை விட்டால் இப்போது முழங்கை வரைக்கும் உள்ளே போகிறது என்று கணக்கப்பிள்ளை சொன்னார். உடனே அக்காவை அழைத்து, அடுத்த மழைக்கு நான் சொன்னதும் கிளம்பிவிட வேண்டும் என்றேன். அவள் சிரித்தாள்.

“ஒம்பேச்சக் கேட்டு லயத்தையே எறக்கிவிட்டேன். ஒண்ணும் ஆகல. எல்லாரும் என்னையக் கேலி பண்றாங்க. இனி மெசேஜ் வராம ஒருத்தரும் கெளம்ப மாட்டாங்க புள்ள. நானுந்தான்.”