எரிந்த காட்டில் எனக்குக் கிடைத்தவர்

போன ஆவணியில், கச்சான் காற்று அனலாய் வீசிய நாட்களில், படுவான்கரைப் பக்கம் எங்கள் மாட்டுப்பட்டி இருந்த காடு எரிந்தது. மாடுகளைத் திறந்துவிடப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. மறுநாளும் இல்லை. நெருப்பு அடங்கியதும் அண்ணன் தேடப் புறப்பட்டார். "நீ வீட்ட இரி புள்ள" என்றார். கேட்கிற நிலையிலா நான் இருந்தேன்!

காட்டுக்குள் இறங்குமுன் பச்சைக் கொப்பொன்று முறித்துப் பிள்ளையாருக்குப் போட்டுக் கும்பிடுவது எங்கள் வழக்கம். அன்று முறிக்க ஒரு பச்சை இலை இல்லை. கொப்புப் போடுகிற மரமே கரிக்கட்டையாய் நின்றது. வெறுங்கையைக் கூப்பி, "அப்பனே, தர ஒண்டுமில்ல. அந்த மனிசன மட்டும் தா" என்று கேட்டேன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. சாம்பல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. முன்பு பற்றை மண்டி, பக்கத்தில் நிற்கிற ஆளே தெரியாத இடமெல்லாம் வெட்டவெளியாய்க் கிடந்தது. ஒரு குருவிச் சத்தம் இல்லை. வழியில் எங்கள் மாடுகள் கன்றுகளோடு கருகிக் கிடந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவருகிற மாடுகள்! கழுத்து மணியைப் பார்த்துத்தான் எது எதுவென்று அறிந்தேன்.

அண்ணன் அடையாளம் வைத்திருந்த வீரை மரமும் விழுந்து கிடந்தது. "வழி தப்பிட்டு புள்ள" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிள்ளையாரைத்தான் ஏசினேன். "உனக்குக் கண் இல்லையா?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே நிமிர்ந்தபோது, தூரத்தில் வற்றிய ஓடைக்கரையில் சிவப்பாய் ஏதோ தெரிந்தது. அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம்! காடு பழையபடி அடர்ந்து நின்றிருந்தால் அந்த ஓடையே எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

கால் முறிந்து, ஈரமணலில் முகம் பதித்துக் கிடந்தார். உயிர் இருந்தது. தண்ணீர் பருக்கினேன். கண் திறந்ததும் கேட்டார்:

"மாடு கண்டெல்லாம் வந்திட்டா புள்ள?"

"ஓம், வந்திட்டு" என்றேன். வேறென்ன சொல்வேன்!

ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் உண்மையைச் சொன்னோம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இப்போது நொண்டி நொண்டி நடக்கிறார். கோயில் பக்கம் எட்டியும் பாராத மனிதர், வெள்ளிக்கிழமைகளில் என்னோடு வருகிறார். அவர் மாடுகளை நினைத்து அழுவார். நான் அவர் கிடைத்ததை நினைத்து அழுவேன்.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஏதோவொரு துன்பம் இருக்கும். பிள்ளையாரிடம் கேளுங்கள். ஏசியாவது கேளுங்கள். கேட்பதெல்லாம் கிடைக்கும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். நான் கேட்டது ஒருவரை. இன்று மத்தியானமும் அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.