அழிப்பதற்கென்றே பேசியவள்

ஸ்டூடியோவில் எல்லோரும் அவளைப் பைலட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விமானத்துக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெரிய நடிகை வந்து பேசுவதற்கு முன்னால், எங்கே இழுக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று காட்ட ஒருத்தி முழுவதையும் பேசி வைப்பாள். அதற்குப் பெயர் பைலட். நடிகை அதைக் காதில் கேட்டபடி பேசி முடித்ததும் அழித்துவிடுவார்கள். தலை நரைக்கத் தொடங்கும்வரை அவள் பேசியதெல்லாம் இப்படி அழிந்ததுதான். மிஞ்சியது, வங்கித் தொலைபேசியில் எண்களை அழுத்தச் சொல்லும் குரல் மட்டும். “மெஷின்ல மட்டும் எவ்வளவு பொறுமையாப் பேசுறே” என்பார் வீட்டுக்காரர்.

இந்த முறை ஒலிநூல். ஒன்பதாம் அதிகாரத்தில், ஆலை விபத்தில் மகனைப் பறிகொடுத்தவள் முதலாளி முன் நின்று நியாயம் கேட்கிறாள். நடிகை டேக் மேல் டேக் வாங்கினார். அழுகை வந்தது, ஆத்திரம் வரவில்லை. படப்பிடிப்புக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டார். தயாரிப்பாளர் அசரவில்லை. அந்த அதிகாரத்துக்குப் பைலட்டையே வைத்துவிடலாம், நடிகை மாதிரியே பேசியிருக்கிறாள், எவனுக்குத் தெரியப்போகிறது என்று அவள் காதுபடவே ஒலிப்பதிவு இன்ஜினியரிடம் சொல்லிவிட்டார். கடைசியில் வரும் பெயர்களைப் படிக்கவும் அவளையே கூப்பிட்டார்.

கொடுத்த காகிதத்தில் வாசித்தவர் என்ற இடத்தில் நடிகையின் பெயர் மட்டும் இருந்தது. உழைப்பு ஒருத்தியுடையது, பெயர் இன்னொருத்திக்கு. அதையும் உழைத்தவளே தன் வாயால் அறிவிக்க வேண்டும். அவள் காகிதத்தைக் கீழே வைத்தாள். ஒன்பதாம் அதிகாரம் வாசித்தது நான், என் பெயரும் வரவேண்டும் என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் சிரித்தார். அது வெறும் பைலட்தானே, அதற்குப் பெயர் போடும் வழக்கமே கிடையாது என்றார்.

“சரி சார். பைலட்டுன்னா அழிச்சிடுங்க, அதானே வழக்கம். வெளியில போறதுன்னா அது டேக்கு. டேக்குன்னா பேர் வரணும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

“ஏம்மா, இனிமே உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?”

“வேணும். பேரோட வேணும்.”

அழித்துத் தொலை என்று இன்ஜினியரிடம் சீறினார். அப்போ ஒன்பதாவதுக்கு எதைப் போடுறது சார், நாளைக்கு வெளியாகுதே என்று இன்ஜினியர் ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார். தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் மைக்கை விட்டு நகரவில்லை.

ஸ்பீக்கரில் அவர் குரல் கரகரத்தது. “சேர்த்தே படிம்மா.”

சிவப்பு விளக்கு எரிந்தது. நடிகையின் பெயரைப் படித்தாள். அடுத்துத் தன் பெயரை, யாருடைய சாயலும் இல்லாமல், சொந்தக் குரலில் சொன்னாள். ஒலி அளவு காட்டும் மீட்டர் சிவப்பைத் தொட்டது. இன்ஜினியர் சத்தத்தைக் குறைக்கவில்லை.