தாராவி ஜேம்ஸின் மூச்சு

செம்பூர் சர்ச் மைதானத்தில் சாயங்காலக் கச்சேரி. ஒரு காலத்தில் குதித்துக் குதித்து ராக் பாடிய தாராவி ஜேம்ஸ், அறுபதை நெருங்கும் வயதில், ஆஸ்துமாவால் நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிறார். உச்சத்துக்குப் போகும் வரியில் மூச்சு முட்டிக் குரல் நின்றுவிடுகிறது. இன்ஹேலரை எடுக்கிறார். பின்னால் டிரம்ஸ் வாசிக்கும் அவர் மனைவி மேரி, தாளத்தை விடாமல் வேகத்தை மட்டும் குறைக்கிறார். கூட்டம் கைதட்டிக்கொண்டே காத்திருக்கிறது. சற்று நேரத்தில் ஜேம்ஸ் அதே வரியைத் தணிந்த குரலில் பாடி முடிக்கிறார்.

கூட்டத்தில் இருந்த நான் இடைவேளையில் மேரியிடம் போகிறேன்.

“அவர் எப்போ திரும்பப் பாடுவார்னு உங்களுக்கு எப்படித் தெரியுது, அக்கா?”

“அவுக தோளைப் பாத்துக்கிட்டே வாசிப்பேன். ஏறி இறங்குறது அடங்கிட்டுன்னா பாட வந்துருவாக.”

“பாட்டை விடச் சொல்லலையா?”

“சொன்னேன். ‘நீ டிரம்ஸை விடு, நானும் விட்டுருதேன்’னாக.” குச்சிகளை எடுத்துக்கொண்டு மேடைக்குத் திரும்புகிறார். “என்னால முடியலையே!”