மீசை வைத்த பூசணி

கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில் என் வீட்டு வாசல் நிலைக்கு மேலே ஒரு துணிப் பூசணிக்காய் தொங்குகிறது. செம்மஞ்சள் ஃபெல்ட் துணியில் உடம்பு, கறுப்பில் முக்கோணக் கண்கள், நீட்டிய சிவப்பு நாக்கு, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. வெயில் பட்டு உடம்பு வெளிறிவிட்டது. மீசைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

அதைத் தைத்தவர் புசல்லாவை அக்கா. நான் வேலை பார்த்த தையலகத்தில் எல்லோரும் அவரை ஊர்ப் பெயர் சேர்த்து அப்படித்தான் கூப்பிடுவோம். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு அவர் அங்கே வந்ததற்கு ஒரே காரணம் மகள். கண்டியில் நல்லதொரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பு படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்துபோவது நடக்கிற காரியமா? தையலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தாயும் மகளும் தங்கினார்கள். வேலை நிரந்தரமானால் மகள் படிப்பாள், இல்லாவிட்டால் இருவரும் தோட்டத்து லய வீட்டுக்கே திரும்ப வேண்டும். அக்கா இதை ஒளித்து வைக்கவில்லை. தேநீர் குடிக்கும் நேரமெல்லாம் இதே பேச்சுத்தான்.

எங்கள் முதலாளியம்மாவை மிஸ் என்போம். வெளிநாட்டுக் கடைகளுக்கு அலங்காரப் பொருள்கள் செய்து அனுப்புவது அவர் தொழில். அக்கா சேர்ந்த புதிதில் வந்த ஆர்டர் ஏதோ இலையுதிர்காலப் பண்டிகைக்கான வாசல் அலங்காரம். அன்றைக்குப் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போவார்களாம், வாசலில் முகம் வெட்டிய பூசணி இருக்குமாம். மிஸ் சொன்னது அவ்வளவுதான். எங்களுக்கு இலையுதிர்காலம் ஏது? மழையும், அதைவிடப் பெரிய மழையும்தான் தெரியும்.

ஃபெல்ட்டில் ஒரு வசதி, வெட்டிய ஓரம் பிரியாது. மடிக்காமல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தைக் கையால் சுற்றித் தைத்துவிடலாம். பௌர்ணமிக்கு விடுகிற போயா விடுமுறைக்கு முதல்நாள் மிஸ் ஒரு மூட்டை பூசணி உடம்பையும் மாதிரிப் படத்தையும் அக்காவிடம் கொடுத்து, முகங்களை அறையிலேயே தைத்து முடித்து வரச் சொன்னார். அதைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவதாகவும் சொன்னார்.

விடுமுறை முடிந்து அக்கா மூட்டையை அவிழ்த்தார். எல்லாப் பூசணிக்கும் மீசை, எல்லாவற்றுக்கும் நாக்கு. புதுவீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிற பூசணியின் முகம் அப்படியே. "படத்துல மீசையே இல்ல மிஸ். சிரிச்சுக்கிட்டு இருந்தா பேய் எப்படிப் பயப்படும்? நாந்தான் சரி பண்ணிட்டேன்" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வாசல், பேய், பூசணி என்றால் வேறு என்ன நினைப்பது?

மிஸ் சத்தம் போடவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாக்குக்காக வாயைக் கிழித்திருந்ததால் ஒன்றையும் பிரித்துச் சரிசெய்ய முடியாது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னார். நாங்கள் குனிந்துகொண்டு தைத்தோம். அந்த வாரமே தாயும் மகளும் புசல்லாவை பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

ஒதுக்கிய பூசணிகளைக் குப்பையில் போடச் சொல்லியிருந்தார் மிஸ். கொஞ்ச நாளில் பார்த்தால், தையலக வாசலிலேயே ஒன்று தொங்குகிறது. கேட்டதற்கு, "சந்தியில இன்னொரு தையல் கடை வந்திருக்கு. இது வாசல்ல இருக்கட்டும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அங்கேயே இருந்து வேலையும் பார்த்தேன். பின்னாளில் மிஸ் தொழிலை விட்டுவிட்டு மகனோடு கொழும்புக்குப் போனபோது அதைக் கழற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

போன மாதம் அக்கா கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்தவர், விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கும் வந்தார். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். "கொழுந்துக்குத்தான் போறா" என்றார். இதைக் கழற்றித் தரட்டுமா என்றேன்.

"வேணாம் தங்கச்சி, கெடக்கட்டும். அத்தன தச்சேன். எங்க அறை வாசல்ல ஒன்னு மாட்டத் தோணல பாருங்க."

தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டார். போகும்போது எட்டி, ஒரு பக்கம் சாய்ந்திருந்த பூசணியை நேராக்கிவிட்டுப் போனார்.