சுமைதாங்கி வளைவில் ஓர் அடி

கீரப்பாளையம் அரிசி ஆலையில் ஃபிட்டராக இருந்த சின்னையன் வாழ்நாளில் ஒரு சைக்கிள் பந்தயத்திலும் ஓட்டியதில்லை. ஆனாலும் கல்பாதைப் பந்தயம் என்று யாராவது பேச்செடுத்தால், சுற்றிச் சுற்றி அவர் பெயரில்தான் வந்து நிற்கும்.

அந்தப் பந்தயம் ஆண்டுதோறும் காணும் பொங்கல் அன்று நடந்தது. காலையில் கடலூர் முதுநகரில் கிளம்புவார்கள். புதுச்சத்திரம், முட்லூர், சிதம்பரம் தாண்டி கீரப்பாளையம் வந்து, அங்கிருந்து வாய்க்கால் கரையோடு திரும்பிச் சிதம்பரம் கீழவீதியில் முடிக்க வேண்டும். கியர் இல்லாத சாதாரண சைக்கிள் மட்டும்தான். மற்ற தூரமெல்லாம் தார்ச்சாலை. வாய்க்கால் கரை மட்டும் நெல் வண்டி புதையாமலிருக்க எந்தக் காலத்திலோ பதித்த கருங்கல். ஒவ்வொரு கல்லும் ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் தாழ்ந்து கிடக்கும். பந்தயத்தில் ஜெயிப்பவன் யார் என்பதை அந்தக் கல்தான் முடிவு செய்யும்.

பாதையின் வலப்பக்கம் வாய்க்கால், இடப்பக்கம் ஒரு முழ அகலத்துக்கு மெத்தென்ற மண், அதற்குக் கீழே வயல். சக்கரம் மண்ணில் இறங்கினால் ஓட்டுகிறவன் பந்தயத்தில் இல்லை. இதைக் கண்காணிக்கப் பந்தயக் கமிட்டியிடம் ஆளும் இல்லை, கயிறும் இல்லை. அதனால் பார்க்க வந்தவர்களே அந்த மண்ணின் மேல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். இதற்கு ஆள்சுவர் என்று பெயர். பழைய சுமைதாங்கிக் கல் நிற்கும் வளைவில்தான் ஓட்டுகிறவனுக்கு மண்மேல் ஆசை வரும். அந்த இடத்தில் சின்னையன் நிற்பார். தன் இருபத்தைந்தாவது வயதிலிருந்து அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

1991இல் அந்த வளைவில்தான் ஆண்டி விழுந்தான். முதலாவதாக வந்துகொண்டிருந்தவன். முன்சக்கர டயர் வெடித்து, கைப்பிடி மண்பக்கம் இழுக்க, எதிரே நின்ற சின்னையனைப் பார்த்து "வழி, வழி" என்று கத்தினான். சின்னையன் அசையவில்லை. "கல்லுலயே போடா" என்றார். ஆண்டியின் முழங்கால் கல்லில் மோதி உடைந்தது. அன்றிலிருந்து ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். சின்னையன் செய்ததுதான் சரி என்று ஊரே சொன்னது. ஆண்டியின் அண்ணன் வைத்திலிங்கம் மட்டும் சொல்லவில்லை. உரக்கடை வைத்திருக்கும் அவர், சின்னையனோடு ஒரே பெஞ்சில் டீ குடிப்பதையும் நிறுத்தவில்லை, ஆண்டி விழுந்ததைப் பேசுவதையும் நிறுத்தவில்லை.

2009ஆம் ஆண்டு காணும் பொங்கல் வெள்ளிக்கிழமையில் வந்தது. மாரியம்மாள் டீக்கடையில் காலையிலேயே சத்தம் தொடங்கிவிட்டது.

"கல்லுல ஓட்டுனவன்னா அது எந்தம்பி ஆண்டி ஒருத்தன்தான்" என்றார் வைத்திலிங்கம். "மத்தவனெல்லாம் கல்லுமேல குதிச்சான். இவன் தண்ணி மாதிரி போனான்."

"சுப்புராயன் நாலு தடவ ஜெயிச்சவன்" என்றார் சின்னையன். எப்போதும் சொல்கிற பதில்தான். "ஆண்டி ஒரே தடவ. எதுக்கு மச்சான் வருசா வருசம் இதே பாட்டு?"

"ரெண்டாவது தடவயும் ஜெயிச்சிருப்பான். குறுக்க ஒரு கம்பம் நட்டு வச்சிருந்தாங்க."

கடையில் சிரித்தார்கள். ஆண்டி ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தான். இந்தச் சண்டையில் அவன் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

"பழங்கத போதும், இன்னிக்கு யாருன்னு சொல்லுங்க" என்றான் செல்போன் கடை சிலம்பரசன். "கதிர்வேல்தான். ரெண்டு வருசமா அவன்தான. காத்து கம்மியா வச்சு ஓட்டுறான், கல்லு அவன ஒண்ணும் பண்ணாது."

"கம்மியா வச்சா ரிம்மு அடி வாங்கும்" என்றார் மாரியம்மாள், டீயை ஆற்றிக்கொண்டே. "சின்னையா, மருமவன் எங்க போனான்? ரெண்டு தடவ ரெண்டாவதா வந்தவனாச்சே."

எல்லாரும் சின்னையனைப் பார்த்தார்கள். மருமகன் அன்பரசு கடலூரில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறான். சென்ற பொங்கலிலிருந்தே சின்னையன் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, "அடுத்த வருசம் கல்லுல எம்மருமவன் ஓட்டுறதப் பாருங்கடா, ஆண்டியாவது பூண்டியாவது" என்று வாய் ஓயாமல் சொல்லிவந்தார். அதே பெருமையை மருமகனிடமும் போனில் பேசி முடிப்பார். அவனும் "சரி மாமா" என்பான்.

அப்போதுதான் அவர் செல்போன் அடித்தது. கடலூரிலிருந்து மகள் எழிலரசி. சின்னையன் கடைக்கு வெளியே வந்தார்.

"அப்பா, அவுரு கெளம்பிட்டாரு. நான் சொன்னதக் கேக்கல." அவள் குரல் உடைந்திருந்தது. "போன மாசம் ஓட்டிப் பாக்கறப்ப விழுந்து எடது தோள்பட்டை எறங்கிடுச்சி. ஆஸ்பத்திரியில ஏத்திவிட்டாங்க. இன்னொரு தடவ விழுந்தா இந்தக் கை அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னாரு. சட்டை மாட்டக்கூட நான்தாம்பா கையத் தூக்கி விடறேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாரு. மாமா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு, இப்ப ஓட்டலன்னா கடையில அவரு தலநிமிந்து நடக்க முடியாதுன்னாரு. பத்து நாள்ல தீயணைப்பு வேலைத் தேர்வுல கயிறு ஏறணும்பா. கார்டு வந்திருக்கு. அந்தக் கையோட எப்பிடிப்பா ஏறுவாரு?"

சின்னையன் போனை வைத்தார். அன்பரசுவை நிறுத்தச் சொல்லக் கமிட்டிக்காரர் ஒருவருக்குப் போன் செய்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பந்தயத்தில் போகிறவனிடம் போன் இருக்காது. நடுரோட்டில் பாய்ந்து மறித்தால் பின்னால் வருகிற சைக்கிள்கள் எல்லாம் அவன்மேல் ஏறும்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். டீயில் ஆடை படிந்திருந்தது.

"முட்லூர் தாண்டிட்டாங்களாம்" என்று சிலம்பரசன் போனைக் காதில் வைத்தபடி கத்தினான். "முன்னாடி மூணு பேரு. கதிர்வேல், விருத்தாசலத்தான் ஒருத்தன், அப்பறம் நம்ம அன்பரசு!"

"இன்னா மச்சான், சத்தத்தக் காணோம்?" வைத்திலிங்கம் சின்னையனின் தொடையில் தட்டினார். "மருமவன் முன்னாடி வர்றான். எழுந்து ஆடு."

"ஒண்ணுமில்ல. வா, நேரமாச்சு."

வாய்க்கால் கரை முழுக்கக் கூட்டம். கரும்பைக் கடித்துக்கொண்டும் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டும் ஆள்சுவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. சுமைதாங்கி அருகில் மட்டும் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. சின்னையனுக்காக விட்டு வைத்தது. அவர் போய் நின்றார். இடப்பக்கம் வைத்திலிங்கம். கொஞ்சம் தள்ளி, சுமைதாங்கிக் கல்மேல், காலை நீட்டி ஆண்டி.

சின்னையன் திரும்பி வயலைப் பார்த்தார். சம்பா கதிர் சாய்ந்து நின்றது. அடியில் ஈரச்சேறு. பிறகு முன்னால் இருந்த கல்லைப் பார்த்தார். ஆண்டி விழுந்த இடத்தில் ஒரு கல் மற்றதைவிட எழும்பி நிற்கும். இத்தனை வருடமாக அதைப் பார்த்தபடிதான் நின்றிருக்கிறார். இன்றைக்குத்தான் அதன் விளிம்பு எவ்வளவு கூர் என்று தெரிந்தது.

கீரப்பாளையம் முனையிலிருந்து விசில் சத்தம் வந்தது. ஆள்சுவர் இறுகியது. வைத்திலிங்கத்தின் தோள் அவர் தோளில் வந்து இடித்தது.

முதலில் கதிர்வேல் வந்தான். உடம்பைத் தாழ்த்தி, கைப்பிடியை லேசாகப் பிடித்து, சைக்கிளைக் கல்லின் போக்குக்கு விட்டு ஓட்டினான். வளைவைத் தாண்டிப் போனான். சிலம்பரசன் துண்டைச் சுழற்றினான்.

பின்னால் அன்பரசு. வலது கை மட்டும்தான் கைப்பிடியைப் பிடித்திருந்தது. இடது கை மேலே சும்மா கிடந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் முகம் கோணியது. கூட்டத்துக்கு அது வேகமாகத் தெரிந்தது. "அமுக்கு, அமுக்கு!" என்று கத்தினார்கள். சின்னையன் மட்டும் அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வளைவில் கைப்பிடியை வலப்பக்கம் திருப்ப இடது கைதான் தள்ள வேண்டும். தள்ளாது. முன்சக்கரம் நேராக அந்த எழும்பிய கல்லுக்கு வந்துகொண்டிருந்தது. விழுந்தால் இடது தோள்தான் கீழே வரும்.

அன்பரசு தலை நிமிர்ந்தான். வழி என்று அவன் கேட்கவில்லை. மாமனாரைப் பார்த்தான், அவ்வளவுதான்.

சின்னையன் வைத்திலிங்கத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கமாக வயலில் இறங்கினார். "இந்தப் பக்கம் வாடா!" என்று அடித்தொண்டையில் கத்தினார்.

ஆள்சுவரில் ஓர் இடைவெளி திறந்தது. அன்பரசு அதற்குள் வந்தான். சக்கரம் மண்ணில் இறங்கி, வரப்பைத் தாண்டி, சைக்கிளும் ஆளுமாகக் கதிர்மேல் சாய்ந்தார்கள். வலது பக்கமாக.

 கரையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இன்னா மாமா இது?" சிலம்பரசன் ஓடி வந்தான். "நீயே தொறந்து விட்டா நாங்கெல்லாம் எதுக்கு நிக்கிறோம்?"

"என்னையும் சேத்து இழுத்துட்டான்யா" என்று முழங்கால் சேற்றில் நின்றபடி வைத்திலிங்கம் சொன்னார். கோபமா வியப்பா என்று அவர் குரலில் தெரியவில்லை.

அன்பரசு எழுந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் சேறு. "ஏன் மாமா வழி விட்டீங்க?"

"நீ ஏன்டா எறங்குன?"

அவன் இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தலை குனிந்தான். அப்போதுதான் சட்டைக்குள் இருந்த கட்டு மற்றவர்கள் கண்ணில் பட்டது. சத்தம் குறைந்தது.

சின்னையன் கரையேறினார். ஆண்டி சுமைதாங்கியிலிருந்து இறங்கி எதிரே வந்து நின்றான். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்னிக்கு நீ கல்லுக்காக நின்னியா, இல்ல என்னைப் புடிக்காம நின்னியான்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டு இருந்தேன்" என்றான் ஆண்டி. "கல்லுக்காகத்தான்னு மனசத் தேத்தி வச்சிருந்தேன். இன்னிக்கு அதுவும் போச்சு."

"அப்பிடி இல்ல ஆண்டி..."

"வேற எப்பிடி?"

 ஆண்டி காலை இழுத்தபடி வயலில் இறங்கினான். அன்பரசுக்கு வலப்பக்கம் போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

"எடது கைய அசைக்காத தம்பி. மெதுவா."

பத்து நாள் கழித்துத் தேர்வில் அன்பரசு கயிறு ஏறினான். பாதியில் நின்று, மறுபடி ஏறினான். இப்போது தீயணைப்புத் துறையில் இருக்கிறான், பந்தயம் ஓட்டுவதில்லை. சின்னையன் அதற்குப்பின் ஆள்சுவரில் நிற்கவில்லை. யாரும் அவரைத் தடுக்கவுமில்லை, கூப்பிடவுமில்லை. ஓர் ஆண்டு முழுக்க மாரியம்மாள் கடைக்கும் அவர் வரவில்லை.

2010 காணும் பொங்கல் காலையில் வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். பேச்சு வழக்கம்போலப் பழைய ஆட்களில் தொடங்கிச் சூடேறியது. யாரும் அவரைப் பார்த்துப் பேசவில்லை. கடைசியில் சிலம்பரசன்தான் கேட்டான்.

"நீ சொல்லு மாமா. கல்லுல யாரு?"

ஆண்டி அதே ஓரத்து ஸ்டூலில் இருந்தான்.

"ஆண்டிதான்" என்றார் சின்னையன். "தொண்ணூத்தியொண்ணுல வழி கெடச்சிருந்தாலும் பந்தயம் போயிருக்கும். ஆனா காலு இருந்திருக்கும். அதுக்கப்பறம் இன்னும் நாலு தடவ ஜெயிச்சிருப்பான்."

 வைத்திலிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். தம்பியைப் பார்த்தார். சின்னையனைப் பார்த்தார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அதெப்பிடி?" என்றார் கடைசியில், குரலை உயர்த்தி. "சுப்புராயன் நாலு தடவ ஜெயிச்சவன்யா. சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லாத!"

ஆண்டி வாயில் இருந்த வடையோடு சிரித்துவிட்டான்.